புதிய ரவுட்டருக்கு முகவரி அமைத்தல்: வீட்டுக்கும் சிறு கடைக்கும் ஒரு வழிகாட்டி

மதுரையில் ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் கம்பியை இழுத்து, நிறுவனத்தின் மோடத்தைச் சுவரில் மாட்டி, உங்கள் செல்போனில் இணையம் வருவதைக் காட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அந்த மோடத்தின் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று நீங்களே ஒரு ரவுட்டர் வாங்கி வந்து வைக்கும்போதுதான் கேள்விகள் தொடங்கும். வில்லாபுரத்தில் கீழே ஜெராக்ஸ் கடையும் மேலே குடியிருப்புமாக உள்ள ஒரு கட்டடத்தில் இந்த வேலையை நான் செய்து முடிப்பதற்குள், ரவுட்டரை விற்ற கடைக்காரர் ஒன்று சொன்னார், இணைப்பு நிறுவனத்தின் சேவை மையம் வேறொன்று சொன்னது, பெட்டிக்குள் இருந்த தாளில் இரண்டுமே இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரவுட்டருக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. இணைப்பு வரும் பக்கத்தில் இருப்பது வான் (WAN) முகவரி. உங்கள் செல்போன், டிவி, பிரிண்டர் இருக்கும் பக்கத்தில் இருப்பது லேன் (LAN) முகவரி. இந்த இரண்டும் ஒரே எண் வரிசையில் அமைந்துவிடக் கூடாது. புதிய ரவுட்டரில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரு விதி மீறப்படுவதால் வருவதுதான்.

1. முதலில் சேர்க்க வேண்டிய தாள்களும் விவரங்களும்

இணைப்பு வாங்கியபோது ஆதார் நகல், புகைப்படம், வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றோடு நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலாவது கேட்டு வாங்கி வையுங்கள். பயனர் எண்ணும், சில நேரங்களில் கடவுச்சொல்லும் அதன் ஓரத்தில் பேனாவால் கிறுக்கப்பட்டிருக்கும். அந்தக் கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணும் சிறிய எல் எழுத்தும் ஒரே மாதிரி தெரியும் என்பதால், இணைப்புக் கொடுத்தவரிடமே வாசித்துக் காட்டி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை நான்கு. இணைப்பு எந்த வகை, அதாவது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இணையும் பிபிபிஓஇ (PPPoE) என்பதா, முகவரி தானாகக் கிடைக்கும் டைனமிக் ஐபியா, மாறாத முகவரி கொண்ட ஸ்டேட்டிக் ஐபியா? பிபிபிஓஇ என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன? விலான் (VLAN) எண், அதாவது ஒரே கம்பியில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்ட நிறுவனம் வைக்கும் எண் உண்டா? இணைப்பு ஒரு குறிப்பிட்ட கருவியின் மேக் (MAC) முகவரியோடு, அதாவது தயாரிக்கும்போதே அதற்குக் கொடுத்த அடையாள எண்ணோடு, பூட்டப்பட்டிருக்கிறதா? “விலான் நம்பர் எவ்வளவுண்ணே?” என்று அவர் ஏணியிலிருந்து இறங்கும்போதே கேட்டுவிட்டால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். அதே கேள்வியைப் பிறகு சேவை மையத்தில் கேட்டால், பேசுபவருக்கு அது என்னவென்றே தெரியாமல் போகலாம்.

ரவுட்டருக்கு ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் வாங்குங்கள். உத்தரவாதக் காலத்தில் அது பழுதானால் அந்த பில்தான் பேசும்.

2. செலவும் நேரமும்

ஒற்றை அலைவரிசை ரவுட்டர் ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும். இரட்டை அலைவரிசையும் கிகாபிட் போர்ட்டும் (1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும் கேபிள் துளை) உள்ளவற்றுக்கு இரண்டாயிரமோ அதற்கு மேலோ ஆகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 1200 என்று அச்சிட்டிருப்பார்கள். அது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிய எண். பின்பக்கத்துப் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் என்ற செய்தி பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் திட்டம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேற்பட்டதென்றால் கிகாபிட் போர்ட் இல்லாத ரவுட்டரை வாங்க வேண்டாம்.

மாடிக்குப் போகும் கேபிள் கேட் 5இ அல்லது கேட் 6 ஆக இருக்கட்டும். அதற்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் இணைப்பானில் சேர்த்து முடுக்கச் சொல்லுங்கள். நான்கை மட்டும் சேர்த்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். வெளிச்சுவர் வழியாக இழுப்பதானால் வெளிப்புறத்துக்கென்று கறுப்பு உறையோடு விற்கும் கேபிளை வாங்குங்கள், ஏனெனில் நம் ஊர் வெயிலில் சாதாரண உறை வெடித்துவிடும்.

மாதாந்திரக் கட்டணத்தில், விளம்பரத்தில் காட்டும் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 499 ரூபாய் என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 588 ரூபாய் 82 காசு.

எல்லாம் கையில் இருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் சேவை மையம் பதில் சொல்லும் பகல் நேரத்தில் தொடங்குங்கள். உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துவிட்டு, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

3. எந்த முறையில் வைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பலர். ரவுட்டரை மூன்று முறைகளில் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் முகவரி வேறு விதமாக அமையும்.

முதல் முறை, ஆக்சஸ் பாயின்ட் மோட். மாடியில் வைஃபை வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால் இதுவே போதும், பெரும்பாலான வீடுகளுக்கு இதைத்தான் நான் சொல்வேன். முகவரி வழங்கும் வேலை முழுவதும் மோடத்திடமே இருக்கும். ரவுட்டர் வைஃபையை மட்டும் பரப்பும். அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்ற தெரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், மீதியை ரவுட்டரே பார்த்துக்கொள்ளும். அந்தத் தெரிவு இல்லாத பழைய மாடலென்றால் மூன்று வேலைகள் செய்ய வேண்டும்: மோடம் 192.168.1.1 என்றால் ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி (DHCP) சர்வரை அணைத்துவிடுங்கள், கேபிளை ரவுட்டரின் வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் ஒரே வீட்டில் இருவர் முகவரி வழங்கத் தொடங்கிவிடுவார்கள். சில செல்போன்களில் இணையம் வரும், சிலவற்றில் வராது, காரணமும் எளிதில் பிடிபடாது.

இரண்டாம் முறை, மோடத்துக்குப் பின்னால் ரவுட்டர். கடையையும் வீட்டையும் பிரித்து வைக்க இது உதவும். மாடியில் உள்ள ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிகளைக் கீழே கடையில் இருப்பவர்களால் எட்ட முடியாது. ஆனால் மாடியிலிருந்து கடையின் பிரிண்டருக்கு அச்செடுக்க அனுப்ப முடியும். கடை வைஃபையை வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்கிறவர்களுக்கு இது நல்ல காவல். இதிலிருந்து வரும் படிகளை இந்த முறைக்காகவே எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் முறை, மோடத்தைப் பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது முகவரி எதுவும் வழங்காமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலைக்கு, மாற்றிவிட்டு உங்கள் ரவுட்டரே நேரடியாக இணைப்பை எடுப்பது. இதற்கு நிறுவனத்தின் ஒத்துழைப்பு வேண்டும். தெளிவான தேவை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

4. அமைப்புப் பக்கத்துக்குள் நுழைதல்

மோடத்திலிருந்து வரும் கேபிளை இன்னும் ரவுட்டரில் செருகாதீர்கள். மின் இணைப்பை மட்டும் கொடுத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வைஃபை பெயர், அதன் கடவுச்சொல், 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற நுழைவு முகவரி, மேக் முகவரி ஆகியவை அதில் இருக்கும். சுவரில் மாட்டிய பிறகு அதைப் படிக்க முடியாது. இப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் செய்வதானால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ரவுட்டரின் வைஃபையில் இணையுங்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று செல்போன் எச்சரிக்கும். அப்படியே இணைந்திருக்கச் சொல்லுங்கள். மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் செல்போன் தானாகவே அதற்குத் தாவிவிடும், எத்தனை முறை தட்டினாலும் நுழைவுப் பக்கம் திறக்காது. பலர் ரவுட்டர் பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இந்தக் காரணத்தால்தான்.

முகவரியை பிரவுசரின் மேல் பட்டையில் எண்களாகவே இடுங்கள். பாதுகாப்பற்ற பக்கம் என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம்; நீங்கள் பேசுவது உங்கள் கையில் உள்ள பெட்டியோடுதான். ஆனால் ரவுட்டர் லாகின் உதவி என்று கூகுளில் தேடாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் போலியான உதவி எண்கள் அங்கே வரும். அழைத்தால், உங்கள் செல்போனைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். அது வங்கிக் கணக்குக்கு வைக்கும் கண்ணி.

உள்ளே போனதும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்காதீர்கள், ஏனெனில் வைஃபை கடவுச்சொல்லை விருந்தாளிகளுக்குச் சொல்லத்தான் போகிறீர்கள்.

5. உள்பக்க முகவரியை மாற்றுதல்

இதுதான் இந்த வேலையின் நடுநாயகம். உங்கள் மோடம் 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கிறது, நீங்கள் வாங்கிய ரவுட்டரும் அதே முகவரியோடு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்கு மாசி வீதிக்கும் தெற்கு மாசி வீதிக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால் தபால்காரர் எந்தப் பக்கம் போவார்? ரவுட்டரும் அந்த நிலைக்குத்தான் ஆளாகும். புதிய மாடல்களில் சில, இதைக் கண்டுபிடித்துத் தங்கள் முகவரியைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். அப்போது ஸ்டிக்கரில் உள்ள முகவரி வேலை செய்யாமல் போய், நீங்கள் குழம்புவீர்கள். ஆகவே முதலிலேயே நாமே மாற்றிவிடுவது நல்லது.

வீட்டுக்குள் பயன்படுத்த ஒதுக்கப்பட்ட எண் வரிசைகள் மூன்று: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றைத் தவிர வேறு எண்ணை உள்பக்கத்தில் வைக்கக் கூடாது. வைத்தால் இணையத்தில் உண்மையாகவே அந்த முகவரியில் இருக்கும் தளங்களை உங்களால் எட்ட முடியாது.

192.168 என்பதற்கு அடுத்த மூன்றாவது எண்ணைத்தான் நாம் தேர்ந்தெடுக்கப் போகிறோம். 0, 1, 29, 31, 100 ஆகியவற்றைத் தவிருங்கள், பல நிறுவனங்களின் கருவிகள் அந்த எண்களோடுதான் வெளிவருகின்றன. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரைதான் இருக்க முடியும் என்பதால் மதுரையின் அஞ்சல் குறியீட்டுத் தொடக்கமான 625 இதில் செல்லாது. 62 செல்லும், மறக்கவும் மறக்காது. ஆகவே லேன் என்ற பக்கத்தைத் திறந்து, ஐபி முகவரியை 192.168.62.1 என்று மாற்றுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றே இருக்கட்டும். முதல் மூன்று எண்களும் ஒன்றாக உள்ளவை எல்லாம் ஒரே வரிசை என்பது அதன் பொருள். அந்த வரிசையில் 254 கருவிகள் வரை இடம் உண்டு.

சேவ் என்பதை அழுத்தியதும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். ரவுட்டர் புதிய முகவரிக்குக் குடிபெயர்ந்துவிட்டது, உங்கள் பிரவுசர் பழைய முகவரியிலேயே காத்திருக்கிறது, அவ்வளவுதான். வைஃபையை அணைத்துப் போட்டு, 192.168.62.1 என்று புதிதாக இட்டு உள்ளே வாருங்கள். இந்த இடத்தில் பொறுமையிழந்து பின்னால் உள்ள ரீசெட் குழியில் ஊசியைக் குத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நிறுவனம் கொடுத்த மோடத்தின் ரீசெட்டை எந்த நிலையிலும் தொடவே தொடாதீர்கள். அதில் பதிந்துள்ள பயனர் பெயரும் விலான் எண்ணும் அழிந்துவிடும், அவர்கள் ஆள் அனுப்பும்வரை கடைக்கும் சேர்த்து இணையம் இராது.

6. வெளிப்பக்க முகவரி

இப்போது மோடத்தின் லேன் போர்ட் ஒன்றிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வான் போர்ட்டில் செருகுங்கள். பெரும்பாலும் அது நீல நிறத்தில், மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். வான் என்ற பக்கத்தில் இணைப்பு வகையாக டைனமிக் ஐபியைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால், சில நொடிகளில் 192.168.1 என்று தொடங்கும் முகவரி அங்கே தோன்ற வேண்டும். 0.0.0.0 என்றே நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

மூன்றாம் முறையைத் தேர்ந்தவர்கள் இங்கே பிபிபிஓஇ வகையைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயரை @ குறியும் அதற்குப் பின்னால் வரும் பகுதியும் விடாமல் இட வேண்டும். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு எடுக்கவில்லையென்றால், பழைய கருவியின் இணைப்பு நிறுவனத்தின் பக்கத்தில் இன்னும் மூடப்படாமல் இருக்கலாம். இரண்டையும் அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் மேக் பூட்டு இருக்கிறதா என்று கேட்டு, புதிய ரவுட்டரின் மேக் முகவரியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இணைப்பு எடுத்த பிறகு சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால், எம்டியு (MTU) மதிப்பு, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, 1492-ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டேட்டிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் உண்டு. பணம் கட்டும் முன் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே (வெளியே போகும் வாசலான முகவரி), இரண்டு டிஎன்எஸ் எண்கள் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்களின் முகவரி) ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். கடையின் கண்காணிப்புக் கேமராவை வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறக்க, அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே விட, நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பை நேரடியாக எடுக்கும் கருவியின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலோ 10 என்றோ தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். அப்போது போர்ட் திறந்தாலும் பயனில்லை. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பதே எளிது, செலவும் இல்லை.

7. டிஹெச்சிபியும் நிலையான முகவரிகளும்

வந்து சேரும் கருவிகளுக்கு முகவரி வழங்குவது டிஹெச்சிபி சர்வர். அதன் தொடக்கத்தை 192.168.62.100 என்றும் முடிவை 192.168.62.199 என்றும் வையுங்கள். 2 முதல் 99 வரை உள்ளவற்றைப் பிரிண்டர், கேமராப் பெட்டி போன்ற இடம் மாறாத கருவிகளுக்கு ஒதுக்கி வைக்கலாம். லீஸ் டைம் என்பது ஒரு முகவரி எத்தனை நிமிடத்துக்குச் செல்லும் என்பது. வீட்டுக்கு 1440 நிமிடம், ஆட்கள் வந்து போகும் கடைக்கு 120 நிமிடம் பொருத்தமாக இருக்கும்.

பிரிண்டருக்கு நிலையான முகவரி கட்டாயம் வேண்டும். நேற்றுவரை அச்செடுத்த பிரிண்டர் இன்று காலை ஆஃப்லைன் என்று காட்டினால், மின்தடைக்குப் பின் அதற்கு வேறு முகவரி கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரியையும் அதற்கு வேண்டிய ஐபி முகவரியையும் இணைத்துப் பதியுங்கள். சில மாடல்களில் அந்த முகவரி டிஹெச்சிபி எல்லைக்குள் இருந்தால்தான் ஏற்கும். கடைப் பிரிண்டர் மோடத்தோடு இணைந்திருப்பதால் அதற்கான பதிவை மோடத்தில்தான் செய்ய வேண்டும், 192.168.1.20 என்று வைத்துக்கொள்ளலாம். மாடியில் உள்ள கணினி அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் அந்த முகவரியைக் கையால் இட்டுச் சேர்க்க வேண்டும்.

செல்போனுக்கு இப்படி நிலையான முகவரி வைப்பதானால், அதன் வைஃபை அமைப்பில் தற்காலிக மேக் முகவரி என்ற வசதியை அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

டிஎன்எஸ் எண்களை மாற்றாமல் விட்டாலும் வேலை நடக்கும். தளங்கள் திறக்கத் தயங்கினால் 1.1.1.1, 8.8.8.8 ஆகியவற்றை இடலாம். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் 1.1.1.3, 1.0.0.3 ஆகியவற்றை இடுங்கள். ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் அவை வடிகட்டும்.

8. வைஃபை

டபிள்யுபிஏ2 அல்லது டபிள்யுபிஏ3 பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் இடாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைய விடும் டபிள்யுபிஎஸ் (WPS), வெளியிலிருந்து அமைப்பை மாற்ற விடும் ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டையும் அணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் வெவ்வேறு பெயர் வைப்பது நல்லது. விலை குறைந்த கேமராக்களும் ஸ்மார்ட் பிளக்குகளும் 2.4-இல் மட்டுமே சேரும், பெயர் ஒன்றாக இருந்தால் அவற்றைச் சேர்ப்பது சிரமம். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் தடித்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலை நன்றாக ஊடுருவாது.

9. சோதனையும் பாதுகாப்பும்

செல்போனின் வைஃபை விவரத்தில் முகவரி 192.168.62 என்று தொடங்கி, கேட்வே 192.168.62.1 என்று இருக்க வேண்டும். கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் டிஹெச்சிபியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். பிறகு மோடம், ரவுட்டர் இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்தி, மோடத்தை முதலில் போட்டு, ஃபைபர் இணைப்பு கிடைத்ததைக் காட்டும் அதன் பான் (PON) விளக்கு நிலையாகப் பச்சையானதும் ரவுட்டரைப் போட்டுப் பாருங்கள். மின்தடைக்குப் பிறகு தானாக எழுந்துவருகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். மினி யுபிஎஸ் வாங்குவதானால் அடாப்டரின் மேல் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். 9 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பழுதாகிவிடலாம்.

எல்லாம் சரியாக ஓடினால் பேக்கப் என்ற பக்கத்தில் அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி வையுங்கள். இரண்டு முகவரிகள், நிர்வாகக் கடவுச்சொல், பயனர் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்தில் பில்லோடு வையுங்கள்.

இணையம் நின்று புகார் செய்ய நேர்ந்தால், அழைக்கும் முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிகிறதா, ரவுட்டரின் வான் முகவரி என்ன, ரவுட்டரைத் தவிர்த்து மோடத்தின் வைஃபையில் இணையம் வருகிறதா. எல்ஓஎஸ் சிவப்பென்றால் ஃபைபரில் ஒளி வரவில்லை. உங்கள் அமைப்பில் எதையும் மாற்ற வேண்டாம். இந்த மூன்று விவரங்களையும் முதலிலேயே சொல்லிவிட்டு, புகார் எண்ணை வாங்கித் தேதியோடு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.